தீவுக்கு வந்து ஏழு மாசம், இன்னும் கண்ணு வாட்ச்சையே பாக்குது

வணக்கம் மேடம்,

பேர் வேண்டாம். வயசு 43. பதினாறு வருஷம் ஒரு லாரி போக்குவரத்து கம்பெனில டிஸ்பாட்ச் பாத்தேன், எந்த வண்டி எங்க நிக்குது எது லேட் எந்த டிரைவர் போன் எடுக்கல எல்லாம் என் தலைக்குள்ளதான் ஓடும், ஒரு நாளைக்கு நூறு நூத்தம்பது கால் வரும், சாப்பிடும்போது கூட காதுல போன்தான். என் மனைவி டாக்டர். அவங்களுக்கு ஒரு சின்ன தீவுல கிளினிக் வேலை கெடச்சுது, ரெண்டு வருஷம். நானும் ரொம்ப களைச்சு போயிருந்தேன், சரி போதும்னு வேலைய விட்டுட்டு கூட வந்துட்டேன். எல்லாரும் கொடுத்து வச்சவன்டா நீனு சொன்னாங்க.

முதல் மூணு வாரம் நல்லாதான் இருந்துச்சு. இப்ப பைத்தியம் பிடிக்குது மேடம். வாரத்துக்கு மூணு நாள்தான் படகு, காத்து அடிச்சா அதுவும் இல்ல. 10 மணினு போட்டிருப்பாங்க, 11:40க்கு வரும், யாருமே அத பத்தி பேச மாட்டாங்க. தபால் ஆபீஸ்ல எனக்கு முன்னாடி ரெண்டே பேர், 35 நிமிஷம். போன மாசம் குழாய் உடைஞ்சுது, பிளம்பர் நாளைக்கு வரேன்னார், வந்தது ஒன்பதாவது நாள், வந்தவர் திண்ணைல உக்காந்து அரை மணி நேரம் ஊர்க்கதை பேசிட்டு அப்புறம்தான் பைய திறந்தார். நான் கத்திட்டேன். அவர் ஒண்ணும் சொல்லல, வேலைய முடிச்சிட்டு காசு கூட வாங்காம போயிட்டார். அதுலேர்ந்து தெருவுல யாரும் என்கிட்ட நின்னு பேசறதில்ல.

மனைவி ராத்திரி "அவர்கிட்ட ஏன் கத்துன, நாளைக்கு அவங்க அம்மாவ நான்தான் பாக்கணும்"னு சொன்னா. அவளுக்கு இங்க பிடிச்சிருக்கு. எனக்கு காலைல 4:30க்கே முழிப்பு வந்துடுது, வாட்ச்ச பாக்குறேன், அப்புறம் 4:50, அப்புறம் 5:10. என் பழைய ஆபீஸ் குரூப்ல வர்ற மெசேஜ இன்னும் படிக்கிறேன், எந்த வண்டி லேட்னு. எனக்கு சம்பந்தமே இல்ல. அமைதிய அனுபவிக்க தெரியாத ஜென்மமா நான்? திரும்பி போயிடலாமா?

*

அன்புள்ள சகோதரருக்கு,

உங்க கடிதத்த ரெண்டு தடவ படிச்சேன். முதல் தடவ படிக்கும்போது எனக்கே மூச்சு வாங்குச்சு, அவ்வளவு மணி, நிமிஷம். ரெண்டாவது தடவைதான் ஒண்ணு கண்ணுல பட்டுச்சு. ஒரே தீவு, ஒரே படகு, ஒரே பிளம்பர், ஆனா உங்க மனைவிக்கு இது மெதுவாவே தெரியல. ஏன்னு யோசிச்சீங்களா? அவங்க பொறுமைசாலி நீங்க அவசரக்காரர்னு சொல்லி முடிச்சிடலாம், ஆனா எனக்கு அப்படி தோணல. காலைல எழுந்தா அவங்களுக்காக கிளினிக் வாசல்ல நாலு பேர் காத்துக்கிட்டு இருக்காங்க. உங்களுக்காக யாரும் காத்திருக்கல. பதினாறு வருஷத்துல முதல் தடவையா. உங்க வலி அங்கதான் இருக்குனு நான் நினைக்கிறேன், படகு மேல இல்ல.

இதுக்கு ஒரு பழைய கதை இருக்கு. ஆஸ்திரியாவுல மரியந்தால்னு ஒரு சின்ன ஊர், ஊருக்கே ஒரே மில்லுதான், அது மூடினதும் கிட்டத்தட்ட எல்லாரும் வேலையில்லாம நின்னாங்க. மரி யஹோடாவும் கூட இருந்த ஆராய்ச்சியாளர்களும் அங்க போய் தங்கி பாத்து 1933-ல எழுதினாங்க. கை நிறைய நேரம் வந்துச்சே, ஜனங்க நிறைய படிப்பாங்கனுதானே நினைப்போம், லைப்ரரில புத்தகம் எடுக்கறது குறைஞ்சே போச்சு. ஆம்பளைங்க தெருவுல நடக்கறப்பவே வேகம் குறைஞ்சு அடிக்கடி நின்னாங்க, இன்னிக்கு என்ன செஞ்சீங்கனு கேட்டா சொல்ல தெரியல. வீட்டு வேலை இருந்த பெண்களுக்கு மட்டும் நாள் ஒரு ஒழுங்கோட போச்சு. பின்னாடி யஹோடா சொன்னது, வேலைங்கறது சம்பளம் மட்டும் இல்ல, நாளுக்கு ஒரு வடிவம், வீட்டுக்கு வெளிய மனுஷங்க, எல்லாரும் சேர்ந்து செய்யற ஒரு காரியம், நான் யாருங்கற ஒரு அடையாளம், எழுந்து செய்ய ஒரு வேலை, இவ்வளவையும் அது சத்தமில்லாம குடுத்துட்டு இருக்கு. நீங்க களைப்ப விடணும்னு நினைச்சு இது மொத்தத்தையும் சேர்த்து விட்டுட்டீங்க.

அதனால அமைதிய அனுபவிக்க தெரியலயேனு குற்ற உணர்ச்சி வேண்டவே வேண்டாம். ராபர்ட் லெவின்னு ஒரு சமூக உளவியலாளர் 31 நாட்டு நகரங்கள்ல ஜனங்க எவ்வளவு வேகமா நடக்கறாங்க, தபால் ஆபீஸ்ல ஸ்டாம்ப் குடுக்க எவ்வளவு நேரம் ஆகுது (ஆமா, உங்கள மாதிரியே தபால் ஆபீஸ்ல நின்னு அளந்தார்), சுவர் கடிகாரம் சரியா ஓடுதானு பாத்து 1999-ல வெளியிட்டார். வேகமான இடங்கள்ல இதய நோய் சாவு அதிகம், ஆனா அதே இடத்து ஜனங்க தங்கள சந்தோஷமானவங்கனு சொல்றதும் கொஞ்சம் அதிகம். மெதுவா வாழ்ந்தா தானா நிம்மதி வந்துடும்ங்கறது டூரிஸ்ட் நோட்டீஸ் பேச்சு. 2019-ல நார்வேல சோமரோய்னு ஒரு தீவு கடிகாரத்தையே ஒழிக்கப் போகுதுனு உலகம் பூரா நியூஸ் வந்துச்சு, கடைசில பாத்தா அது சுற்றுலாவுக்கான விளம்பர வேலை.

பிளம்பர் விஷயத்துக்கு வரேன். சின்ன தீவுல ஒருத்தரே நாலு வேலை பாப்பார், பிளம்பிங்கும் அவர்தான் படகுல சாமான் இறக்கறதும் அவர்தான்னு இருக்கும், ஸ்பேர் பார்ட் வரணும்னா காத்து சரியா இருக்கணும். அவர் கைல இல்லாத ஒண்ணுக்கு அவர் எப்படி தேதி குடுப்பார்? "நாளைக்கு"னா இன்னிக்கு இல்லனு மட்டும்தான் அர்த்தம். அப்புறம் அந்த அரை மணி நேர கதை, அத நீங்க வேலைக்கு முன்னாடி வீணான நேரமா பாத்தீங்க. எனக்கு அது வேலையோட முதல் பாதியா படுது. இன்னும் ஒரு வருஷத்துக்கு மேல தினமும் மூஞ்ச பாக்கப்போற ஆளு யாருனு அவர் தெரிஞ்சுக்க வந்தார். காசு வாங்காம போனார் பாருங்க, அது கோபம்தான். போய் மன்னிப்பு கேளுங்க, காச குடுங்க, அவசரமா கெளம்பாம கொஞ்சம் உக்காருங்க. அவங்க அம்மா எப்படி இருக்காங்கனு கேளுங்க.

அடுத்து உங்களுக்குனு யாராவது காத்திருக்கற ஒரு வேலை வேணும், வாரத்துக்கு ரெண்டு நாள் போதும். படகு வர்ற நாள்ல யாருக்கு எந்த மூட்டைனு பிரிக்கறது, கிளினிக்ல மருந்து ஸ்டாக் எழுதறது, இதெல்லாம் உங்க கை பழக்கம். ஆனா ஒரு எச்சரிக்கை, முதல் நாளே போய் இத இப்படி செஞ்சா சீக்கிரம் முடியும்னு ஆரம்பிச்சீங்கனா கதை முடிஞ்சுது. மொத ஒரு மாசம் சொன்னத மட்டும் செய்யுங்க. ஆபீஸ் குரூப்லேர்ந்து இன்னிக்கே வெளிய வந்துடுங்க, இதுல எனக்கு இரண்டாவது யோசனையே இல்ல.

காத்திருக்கறப்ப ஒரே ஒரு தடவ போனையும் வாட்ச்சையும் பைக்குள்ள வச்சு பாருங்க. கஷ்டமா இருக்கும், உங்களுக்கு மட்டும் இல்ல. 2014-ல வந்த ஒரு ஆய்வுல 15 நிமிஷம் தனியா சும்மா உக்கார சொல்லி, வேணும்னா ஷாக் குடுத்துக்க ஒரு பட்டனும் வச்சப்ப 18 ஆம்பளைங்கள்ல 12 பேர் போரடிச்சு தங்களுக்கு தாங்களே கரண்ட் ஷாக் குடுத்துக்கிட்டாங்க!

அந்த 4:30 முழிப்பு மட்டும் எனக்கு கவலையா இருக்கு. தூக்கம் கெட்டு, எதுலயும் ஈடுபாடு இல்லாம, மனசு பாரமா ரெண்டு வாரத்துக்கு மேல தொடர்ந்து இருந்தா அது டிப்ரஷனா இருக்கலாம், நேர்ல ஒரு மனநல டாக்டர பாக்கணும். உங்க மனைவிகிட்டயே வைத்தியம் பாத்துக்காதீங்க, அவங்கள மனைவியா இருக்க விடுங்க, ஆனா தூங்கறதில்லனு அவங்ககிட்ட கண்டிப்பா சொல்லுங்க. தெரியாம இருக்கலாம்.

திரும்பி போறத இப்ப முடிவு பண்ண வேண்டாம், நாலு மாசம் கழிச்சு ரெண்டு பேரும் உக்காந்து பேசுங்க. அதுவரைக்கும் ராத்திரி அவங்க வந்ததும் உங்க படகு கதைக்கு முன்னாடி கிளினிக்ல இன்னிக்கு யார் வந்தாங்கனு கேளுங்க. உங்க கடிதத்துல அவங்க நாள் எப்படி போகுதுனு ஒரு வரி கூட இல்ல. அடுத்த தடவ எழுதும்போது அத எழுதுங்க, படகு எத்தன நிமிஷம் லேட்னு எனக்கு சொல்ல வேண்டாம்.