சாவி ஏன் உங்கள் வீட்டில் இருக்கிறது?

கேள்வி: காரைக்குடிப் பக்கம் எங்கள் ஊர். 30 ஆண்டுகளாக எங்கள் கிறிஸ்தவ ஆலயத்தில் ஹார்மோனியம் வாசிக்கிறேன். இப்போது வாலிபர்கள் கீபோர்டும் டிரம்ஸும் கொண்டுவந்து கீர்த்தனைகளை ஓரங்கட்டிவிட்டார்கள். முன்னால் நிற்பவன் என் மகனே. கண்ட கையும் படக்கூடாது என்று ஹார்மோனியத்தைப் பூட்டிச் சாவியை வீட்டில் வைத்திருக்கிறேன். சபை இப்படி மாறுவதை வேதம் ஒப்புகிறதா?

பதில்: வேதத்துக்கு அப்புறம் வருகிறேன், ஐயா. சபைச் சொத்தின் சாவி உங்கள் வீட்டில் எதற்கு? கண்ட கை என்கிறீர்களே, நீங்கள் பெற்ற பிள்ளையின் கையும் அதில் சேர்த்திதானே? அவனைப் பக்கத்தில் உட்காரவைத்து, துருத்தியை இப்படி அழுத்து, கட்டையில் விரலை இப்படி ஓட்டு என்று ஒரு நாளாவது காட்டியிருந்தால் கடிதத்தில் மறக்காமல் எழுதியிருப்பீர்கள். பிதாக்கள் சொன்னதைப் பிள்ளைகளுக்கு மறைக்க மாட்டோம் என்கிறது 78ஆம் சங்கீதம். சொல்லிக்கொடுக்காத தகப்பனுக்கு, பிள்ளை வெளியே கற்றுவந்ததைப் பழிக்க வாய் ஏது?

உங்கள் பக்கத்தில் பூட்டிக்கிடக்கும் பெரிய வீடுகளைப் பார்த்திருப்பீர்கள். பூட்டு பத்திரமாக இருக்கிறது. உள்ளே பட்டாலைக் கூடத்தில் மழை ஒழுகுகிறது.

இனி வேதம். வெண்கலச் சர்ப்பத்தை மோசே செய்தது கர்த்தர் சொல்லித்தான். ஜனங்கள் அதற்கே தூபம் காட்டியதும் எசேக்கியா ராஜா உடைத்துப்போட்டான். பூர்வ பாதைகளை விசாரிக்கச் சொன்ன எரேமியா தீர்க்கதரிசியும் அதே வேதத்தில் இருக்கிறார். எஸ்றா 3ஆம் அதிகாரத்தை நிதானமாகப் படியுங்கள். இடிக்கப்பட்ட எருசலேம் ஆலயத்துக்கு மறுபடி அஸ்திபாரம் போட்டபோது, பழைய ஆலயத்தைக் கண்ட முதியவர்கள் கதறி அழுதார்கள், மற்றவர்கள் ஆர்ப்பரித்தார்கள். எது அழுகை, எது ஆரவாரம் என்று பிரித்தறிய முடியவில்லையாம். அழுதவர்களை யாரும் விரட்டவில்லை. அவர்களும் வேலையைத் தடுக்கவில்லை. நீங்களும் அழலாம், தடுக்கத்தான் கூடாது.

கீர்த்தனையும் ஒரு காலத்தில் புதுசுதான். 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த மிஷனரிகளின் வழியில் சபைகள் ஜெர்மன் மெட்டுகளில் பாடின. பிறகுதான் தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) நம் ராக தாளத்தில் எழுதிக் குவித்தார். உங்கள் ஹார்மோனியமும் ஐரோப்பாவிலிருந்து கப்பலேறி வந்த கருவியே!

வருகிற பாட்டுப் பயிற்சிக்குப் போய்ப் பெட்டியைத் திறந்துவையுங்கள். ஆராதனைக்கு ஒரு கீர்த்தனை கேளுங்கள். எது என்பதை மகன் தீர்மானிக்கட்டும். வாசிக்கத் தெரியவில்லை என்றால் அங்கேயே சொல்லிக்கொடுங்கள், நாலு பேர் முன்னால் அதட்டாமல். 30 ஆண்டுகள் வாசித்த தகப்பனை ஒரு வார்த்தை கேட்காமல் பாட்டுப் பட்டியல் போட்டது அவன் செய்த மரியாதைக்கேடு. அதை நீங்கள் சொல்ல வேண்டாம். இந்தப் பக்கத்தை அவனிடம் கொடுங்கள்.