பிட் லேன் தபால்: டிரைவரை மாற்றலாமா, வேண்டாமா?

பாலக்காட்டுக் கணவாய்க்கு அந்தப் பக்கம் இருப்பவர்களுக்கும் கோவை செட்டிப்பாளையத்துக் கரி ரேஸ் ட்ராக்தான் சொந்த மைதானம். அதனாலோ என்னவோ, இம்முறை தபால் முழுக்க வாளையாரிலிருந்து மீனாட்சிபுரம் வரையிலான எல்லை ஊர்களிலிருந்து. எஞ்சினைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. கடைசியில் வரும் லாரிக் கேள்வியைத் தவிர எல்லாம் ஆட்களைப் பற்றிய புலம்பல்.

கேள்வி (கொழிஞ்சாம்பாறை வாசகர்): ஆறு பேர் பங்கு போட்டு இரண்டு ஃபார்முலா கார் ஓட்டுகிறோம். முன்பு முதல் ஐந்தில் வருவோம். இரண்டு சீசனாகக் கடைசி மூன்றில்தான். இரண்டில் ஒரு கார் ரேஸை முடிப்பதே இல்லை. சீஃப் மெக்கானிக்கை மாற்றினோம், இன்ஜினீயரை மாற்றினோம். அடுத்து டிரைவர்களை மாற்றலாம் என்கிறார் ஒரு பங்குதாரர். செய்யலாமா?

பதில்: இப்போதைக்கு டிரைவர்களைத் தொடாதீர்கள். ஒரு கார் முடிப்பதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். எது உடைந்து நின்றது என்று எழுதவில்லை. எங்களுக்கு அதுதான் கவலையாக இருக்கிறது.

பாதியில் நின்ற ரேஸ்களை எல்லாம் ஒரு தாளில் எழுதுங்கள். எந்தப் பாகம், அது எத்தனை கிலோமீட்டர் ஓடியது, யார் மாட்டினார், மாட்டியதை யார் சோதித்தார். கடைசி இரண்டு கட்டங்களும் காலியாகக் கிடந்தால், நீங்கள் அனுப்பிவிட்ட இருவரும் வீண் பழி சுமந்து போயிருக்கிறார்கள். ஒரே மாதிரி கார், ஒரே டயர், சீல் வைத்த எஞ்சின் என்று நடக்கும் போட்டியில் கார் நிற்பது அநேகமாகச் சில்லறைச் சாமானால்தான்: ஆக்ஸிலரேட்டர் கேபிள், தளர்ந்த ஹோஸ் கிளிப், தேய்ந்த கியர் லிங்கேஜ் ராடு-எண்ட் (கம்பி நுனியிலுள்ள மூட்டு), அதிர்ந்து கழன்ற வயரிங் கனெக்டர். எதுவுமே நல்ல மெக்கானிக்குக்குத் தெரியாத வேலை இல்லை. ‘அவன் பார்த்திருப்பான்’ என்று இவனும், ‘இவன் பார்த்திருப்பான்’ என்று அவனும் விட்ட வேலை.

ஆகவே முதல் வேலை, ஒரு காருக்கு ஒரு மெக்கானிக் பொறுப்பு. இன்னொருவர் உதவலாம், கையெழுத்து பொறுப்பாளருடையதுதான். போல்ட்டை இறுக்கியவரே சோதிக்கக் கூடாது. டார்க் ரெஞ்ச் (குறித்த அளவுக்கு மட்டும் இறுக்கும் ஸ்பானர்) வைத்து இறுக்கியதும் நட்டின் மேலிருந்து பக்கத்து உலோகம் வரை பெயின்ட் மார்க்கரால் ஒரு கோடு இழுங்கள். கோடு உடைந்து நின்றால் நட்டு நகர்ந்திருக்கிறது. இரண்டடி தள்ளி நின்றே தெரியும். சக்கர நட்டுகளுக்கு இது போதாது. அவற்றை ஒவ்வொரு முறை கார் வெளியே போகும் முன்பும் ரெஞ்சில் வைத்துப் பார்க்க வேண்டும்.

இரண்டு கார் அணிகளுக்கென்றே ஒரு வியாதி உண்டு. வெள்ளிக்கிழமை ‘ஏ’ கார் இடிபடும். அவசரத்துக்கு ‘பி’ காரின் ராடு-எண்டைக் கழற்றி மாட்டுவார்கள். ஞாயிறு காலை ‘பி’ காரில் பழைய பெட்டியில் கிடந்த ராடு-எண்ட் இருக்கும், யாருக்கும் தெரியாது. ஒரு காரின் பாகம் இன்னொன்றுக்குப் போனால் இரண்டு ஜாப் ஷீட்டிலும் எழுதிய பிறகே போக வேண்டும். வீல் பேரிங், பிரேக் டிஸ்க், கிளட்ச், ராடு-எண்ட் இவற்றுக்கு ஓடிய தூரத்தைத் தனி நோட்டில் ஏற்றிக்கொண்டே வாருங்கள். எப்போது மாற்றுவது என்று நோட்டே சொல்லும்.

இரண்டாவது, அளவுகள். பழைய இன்ஜினீயர் போனபோது செட்-அப் எண்களும் (காரைச் சரிசெய்து வைத்த அளவுகள்) அவர் போனோடு போயிருக்கும் என்பது எங்கள் யூகம். புதியவர் பூஜ்யத்திலிருந்து தொடங்கியிருப்பார். சமதளமான தரையில் நான்கு சக்கரத்துக்கும் எடை மெஷின் வையுங்கள். ரேஸ் பிரஷரில் டயர், பாதி டேங்க் பெட்ரோல், ஹெல்மெட்டோடு டிரைவர் சீட்டில், ஆன்ட்டி-ரோல் பாரின் (வளைவில் கார் சாயாமல் பிடிக்கும் கம்பி) ஒரு பக்க லிங்க் கழற்றிய நிலை. முன் வலது எடையையும் பின் இடது எடையையும் கூட்டினால் மொத்தத்தில் பாதிக்கு ஒட்டி வர வேண்டும். வராவிட்டால் கார் ஒரு பக்கம் நன்றாகத் திரும்பும், மறுபக்கம் இழுக்கும். டிரைவர் திட்டு வாங்குவார். கேம்பர் (சக்கரத்தின் சாய்வு), டோ (சக்கரம் உள்ளேயோ வெளியேயோ பார்க்கும் கோணம்), தரை உயரம் எல்லாம் அதே தாளில். காருக்கு ஒரு தாள், அது அணியின் சொத்து. சின்ன இடி பட்டாலும் திரும்ப அளக்க வேண்டும்.

டாம்பர் (ஷாக் அப்சார்பர்) திருகின் கிளிக்கை எங்கிருந்து எண்ணுவது என்பதையும் அதே தாளின் தலையில் எழுதிவிடுங்கள். ஒருவர் முழுக்க மூடிய நிலையிலிருந்து எண்ணுவார், இன்னொருவர் முழுக்கத் திறந்த நிலையிலிருந்து. இருபது கிளிக் உள்ள டாம்பரில் ‘ஆறு’ என்ற ஒரே எண் இரண்டு வேறு கார்களை உண்டாக்கும். மூடிய நிலையிலிருந்து எண்ணுவதே வழக்கம்.

மூன்றாவது, ஆறு முதலாளிகள். பணம் போட்ட ஆறு பேரும் பேசட்டும், திங்கள் முதல் வியாழன் வரை. வெள்ளி காலையிலிருந்து ஒருவர் சொல்வதே சொல். செட்-அப் மாற்றம், காரை நிறுத்துவது, ஸ்டூவர்டுகளிடம் (போட்டி நடுவர்கள்) போய் நிற்பது எல்லாம் அவர் பொறுப்பு. மற்ற ஐந்து பேருக்கும் பந்தலில் நல்ல நாற்காலி போடுங்கள், பிட்டில் வேண்டாம்.

ஓட்டம் முடிந்து டிரைவர் இறங்கியதும் டேட்டா திரையைக் காட்டாதீர்கள். முதலில் அவர் வளைவு வளைவாகச் சொல்லட்டும்: உள்ளே போகும்போது, நடுவில், வெளியே வரும்போது. பிறகு டேட்டா. திரையை முதலில் பார்த்தவர் திரையில் இருப்பதையே திருப்பிச் சொல்வார். அடுத்த ஓட்டத்துக்கு ஒரே ஒரு மாற்றம்தான். நேரம் குறைந்தாலும் கூடினாலும் காரணம் தெரிய வேண்டுமே. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை கணவாய்க் காற்று அடிக்கும் அடியில் காலை நேரமும் மதிய நேரமும் ஒன்றாக இருக்காது; எதிர்காற்றில் நேர்பாதையில் குறையும் ஆர்.பி.எம்.மை எஞ்சின் தலையில் கட்டிவிடாதீர்கள். காற்றுத் திசையையும் தாளில் குறியுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் டிரைவர் மேல் சந்தேகமா? ஒரு பயிற்சி நாளில் இரண்டு பேரையும் கார் மாற்றி ஓட்டச் சொல்லுங்கள். அதே அளவு தேய்ந்த டயர், அதே பெட்ரோல், சீட்டும் பெடலும் அவரவருக்குப் பொருத்தி, அடுத்தடுத்துப் பத்து லேப். தாமதம் காரோடு நின்றால் காரைப் பாருங்கள். டிரைவரோடு நகர்ந்தால், அப்போது பங்குதாரர் சொன்னதைப் பேசலாம்.

கேள்வி (பாலக்காடு): ஃபார்முலா 1-இல் வில்லியம்ஸ் மாதிரி பெரிய அணி விழுந்ததற்குப் பணம்தானே காரணம்?

பதில்: பணமும்தான். ஆனால் 2019-இல் பார்சிலோனா சோதனைக்குக் கார் இரண்டரை நாள் தாமதமாக வந்ததே, அது வெறும் பணப் பிரச்சினை இல்லை. ஒன்பது முறை அணிப் பட்டம் வென்றவர்கள் அந்த வருஷம் எடுத்தது ஒரே ஒரு புள்ளி. 2020-இல் அதுவும் இல்லை. அந்த ஆகஸ்டில் டோரில்டன் நிறுவனம் வாங்கியது. 2023-இல் தலைமைக்கு வந்த ஜேம்ஸ் வௌல்ஸ் பின்னர் சொன்னது: காரின் ஏறத்தாழ 20,000 பாகங்களின் கணக்கும் ஒரு எக்ஸெல் தாளில் இருந்தது. ஒரு பாகம் எங்கே இருக்கிறது, எப்போது வரும், என்ன விலை என்று கேட்டால் ஆள்தான் தேடிப் போக வேண்டும்.

அதன் பலன் 2024 மெல்போர்னில் தெரிந்தது. வெள்ளிக்கிழமை அணியின் டிரைவர் ஆல்பன் இடித்து சேஸியை (காரின் அடிப்படைக் கூடு) உடைத்தார். உபரி சேஸி இல்லை. ஒரு தவறும் செய்யாத இன்னொரு டிரைவர் சார்ஜன்ட்டின் காரை வாங்கி ஆல்பனிடம் கொடுத்தார்கள். ஆல்பன் 11-ஆவதாக வந்தார், புள்ளி இல்லை. கொழிஞ்சாம்பாறை வாசகரின் ராடு-எண்ட் கதையே இது, டாலரில். 2025-இல் அதே அணி 5-ஆம் இடம். பாகூவில் அணியின் டிரைவர் சைன்ஸ் முதல் மூவரில் ஒருவராக மேடை ஏறினார். கணக்கு ஒழுங்காகச் சில வருஷம் பிடித்தது, அதுவரை வௌல்ஸை யாரும் விரட்டவில்லை.

கேள்வி (சித்தூர்): அணித் தலைவரை மாற்றினால் எழுந்துவிடலாம் என்கிறார்களே?

பதில்: இரண்டு உதாரணங்களையும் பாருங்கள். ஃபார்முலா 1 அணியான மெக்லாரன் 2022 டிசம்பரில் ஆண்ட்ரியா ஸ்டெல்லாவைத் தலைவராக்கியது. ஏற்கனவே உள்ளே வேலை பார்த்தவர். 2023 தொடக்கத்தில் கார் படுமோசம். மார்ச்சில் டெக்னிக்கல் டைரக்டர் ஜேம்ஸ் கீ போனார். ஒருவர் தலையில் இருந்த பொறுப்பை மூன்றாகப் பிரித்து, மூவரையும் ஸ்டெல்லாவிடம் நேராகப் பேச வைத்தார்கள். அந்த ஜூலையில் சில்வர்ஸ்டோனில் அவர்கள் டிரைவர் நாரிஸ் இரண்டாவது. 2024-இல் 666 புள்ளியோடு அணிப் பட்டம், 1998-க்குப் பிறகு முதல் முறை.

இன்னொரு அணியான ஆல்ப்பீன் 2022-இல் 4-ஆம் இடம். 2023 ஜூலையில் சீசன் நடுவே தலைவர் ஷாஃப்னவர் போனார். டெக்னிக்கல் தலைவர் பாட் ஃப்ரையும் வில்லியம்ஸுக்குப் போய்விட்டார். அடுத்து ஃபமான், 2024-இல் ஓக்ஸ், 2025 மே மாதம் அவரும் ராஜினாமா. 2024-இல் எப்படியோ 6-ஆம் இடம் பிடித்தவர்கள் 2025-இல் கடைசி. இன்று ஓடும் கார் நேற்று முடிவெடுத்த கார். வருஷத்துக்கு ஒரு தலைவர் என்றால் முந்தையவர் காருக்கு அடுத்தவர் பதில் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். தலைவரை மாற்றுவது குற்றம் இல்லை. புதியவருக்குக் குறைந்தது ஒரு முழுக் காரையாவது செய்ய நேரம் கொடுங்கள்.

கேள்வி (வேலந்தாவளம்): எங்கள் செலவில் பெரும்பங்கு ஒரு டிரைவரின் அப்பா தருவது. பிட் சுவரில் நின்று ரேடியோவில் அவரே மகனுக்கு உத்தரவு போடுகிறார். எப்படிச் சொல்வது?

பதில்: வாயால் சொன்னால் மனஸ்தாபம் வரும். ஒப்பந்தத்தில் எழுதுங்கள். பணம் எத்தனை தவணை, ஒவ்வொரு ரவுண்டுக்கும் எத்தனை நாள் முன்பு வர வேண்டும், இடித்தால் சேதத்தில் டிரைவர் பங்கு எதுவரை, எத்தனை செட் டயர், மழையில் ரத்தானால் என்ன. கடைசியில் ஒரு வரி: ரேடியோவில் பேசுவது ஒருவர் மட்டும். அப்பாவுக்குக் கேட்க மட்டும் முடிகிற ஹெட்செட் கொடுங்கள். அவர் கேள்விகளுக்கு ஓட்டம் முடிந்து ஒரு மணி நேரத்துக்குள் இன்ஜினீயர் உட்கார்ந்து பதில் சொல்லியாக வேண்டும். பதில் கிடைக்காத அப்பாதான் மைக்கைப் பிடிக்கிறார்.

தாளை அலட்சியப்படுத்தினால் என்ன ஆகும் என்பதற்கு 2022 ஆகஸ்ட் ஒன்று போதும். அடுத்த வருஷம் ஆஸ்கர் பியாஸ்ட்ரி எங்கள் டிரைவர் என்று ஆல்ப்பீன் அறிவித்தது. சில மணி நேரத்தில் ‘நான் கையெழுத்துப் போடவில்லை’ என்று பையன் மறுத்தான். ஒப்பந்தங்களைப் பார்க்கும் வாரியம் மெக்லாரன் பக்கம் தீர்ப்புச் சொன்னது. வளர்த்து ஆளாக்கிய செலவு ஒருவருக்கு, கோப்பை இன்னொருவருக்கு.

கேள்வி (கஞ்சிக்கோடு): மெக்கானிக்குகள் சீசன் நடுவில் நின்றுவிடுகிறார்கள். சம்பளம் கொஞ்சம் தாமதமாகும், ஆனால் கொடுத்துவிடுவோம்.

பதில்: கொஞ்சம் என்பது அவர்கள் வீட்டு வாடகைத் தேதியைத் தாண்டியதா என்று பாருங்கள். டயர் கடைக்காரரும் டிரான்ஸ்போர்ட்டும் காத்திருப்பார்கள். முதலில் சம்பளத்தை எடுத்து வையுங்கள். ஃபார்முலா 1 அணியான ஃபோர்ஸ் இந்தியா 2018 ஜூலையில் கடனில் முழுகி நீதிமன்ற நிர்வாகியிடம் போனபோது, வழக்கைத் தொடங்கி வைத்தவர் சொந்த டிரைவர் செர்ஜியோ பெரஸ். ஏறத்தாழ 400 பேர் வேலை தப்ப அது ஒன்றே வழி என்றார். புது முதலாளி வந்து, புது அணியாகப் பதிந்ததால் அதுவரை எடுத்த 59 புள்ளியும் போயிற்று. அடுத்த ரேஸ் பெல்ஜியத்தில் அதே ஆட்கள், அதே கார், தகுதிச் சுற்றில் 3-ஆவதும் 4-ஆவதும். வேலை சுத்தமான ஆட்களை முதலாளியின் கடன்தான் இழுத்துப் பிடித்திருந்தது.

இரவு வேலையும் ஒரு காரணம். ஃபார்முலா 1-இல் இரவில் குறிப்பிட்ட மணி நேரம் காரில் வேலை பார்க்கும் அணி ஆட்கள் ட்ராக்கில் இருக்கக் கூடாது என்று, சில விலக்குகளோடு, விதியே உண்டு. நீங்களும் ஒரு நேரம் வையுங்கள். நள்ளிரவுக்கு மேல் பிரேக், ஸ்டீயரிங், சக்கரம் இவற்றில் கை வைத்தால், தூங்கி எழுந்த ஒருவர் காலையில் திரும்பச் சோதிக்காமல் கார் நகரக் கூடாது.

கேள்வி (மீனாட்சிபுரம்): ஓனரே டிரைவராகவும் இருக்கலாமா?

பதில்: இருக்கலாம். நின்றுகொள்ளச் சொல்லும் அதிகாரம் வேறொருவரிடம் இருக்க வேண்டும். 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் போட்டியில், பயிற்சியில் கார் இடித்ததும் நடிகர் அஜித் குமார் தன் அணியின் முதல் காரை ஓட்டுவதிலிருந்து விலகிக்கொண்டார். அந்தக் கார் போர்ஷே 991 கார்களுக்கான பிரிவில் மூன்றாம் இடம் வந்தது.

கேள்வி (வாளையார்): சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டை ட்ராக்குக்குக் காரை லாரியில் கொண்டுபோகும்போது எல்லையில் நிறுத்தினால் என்ன காட்டுவது?

பதில்: விற்பனைக்கு அல்ல, போட்டிக்குப் போய்த் திரும்பும் என்று எழுதிய டெலிவரி சலான் மூன்று பிரதி. சரக்கின் மதிப்பு 50,000 ரூபாயைத் தாண்டினால் இ-வே பில்லும் வேண்டும். கார் எப்படியும் தாண்டும். உங்கள் ஆடிட்டரைக் கேட்டு, வெள்ளிக்கிழமை இரவு இல்லாமல் புதன்கிழமையே எடுத்துவிடுங்கள். சலானில் சேஸி எண்ணும் எஞ்சின் எண்ணும் இருக்கட்டும், உபரி எஞ்சின் ஏற்றினால் அதைச் சலானில் தனி வரியாக எழுதுங்கள். காரை லாரியோடு பிணைக்கும் பெல்ட்டைச் சக்கரத்திலோ சேஸியிலோ கட்டுங்கள். விஷ்போனில் (சக்கரத்தைத் தாங்கும் கை) கட்டினால் ஐந்நூறு கிலோமீட்டர் குலுக்கலில் நீங்கள் அளந்த டோ எல்லாம் வீண். டேங்கைக் காலி செய்துவிட்டு ஏற்றுங்கள், பெட்ரோல் அங்கே வாங்கிக்கொள்ளலாம்.