பழைய கொட்டகைச் சுவரில் ஓதம்: பெயின்ட் டப்பாவை மூடி வையுங்கள்

கேள்வி: வீட்டுக்குப் பின்னால் பழைய செங்கல் கொட்டகை ஒன்று இருக்கிறது. சுவரின் அடிப்பகுதியில் எப்போதும் ஈரம். பூச்சு பொரிந்து உதிர்கிறது. மழை பெய்தால் ஒரு மூலையில் தண்ணீர் கசிந்து நிற்கிறது. உள்ளே இரண்டு முறை வாட்டர்ப்ரூஃப் பெயின்ட் அடித்தும் பயனில்லை. என்ன செய்யலாம்?

பதில்: மூன்றாவது முறை அடிக்காதீர்கள். ஈரம் வெளியிலிருந்து வரும்போது உள்பக்கத்தை அடைத்தால், அது சுவருக்குள்ளேயே தங்கி இன்னும் மேலே ஏறும். தண்ணீரோடு வரும் உப்பு பூச்சுக்கு அடியில் படிகமாகி, பெயின்ட்டைத் தள்ளிவிடும். உங்கள் சுவர் பொரிவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

முதலில் வெளியே போய் ஒரு சுற்று வாருங்கள், நல்ல மழை பெய்யும்போதே. கூரை ஓரத்திலிருந்து விழும் தண்ணீர் எங்கே போகிறது? உடைந்த ஓடு, அடைத்துக்கொண்ட மழைநீர்க் குழாய், சுவரில் மோதித் தெறிக்கும் நீர் என்று ஏதாவது கண்ணில் படும். மூலையில் தேங்கும் தண்ணீருக்கு விடை அநேகமாக அங்கேயே கிடைத்துவிடும்.

அடுத்தது மண்மட்டம். பழைய கட்டடங்களைச் சுற்றி மண்ணும் குப்பையும் சேர்ந்து, வெளித்தரை உள்தரையைவிட உயர்ந்திருப்பது சகஜம். அதை வெட்டியெடுத்து, வெளிமட்டம் உள்தரைக்கு 15 செ.மீ. கீழே இருக்கும்படி செய்யுங்கள். தண்ணீர் சுவரிலிருந்து விலகி ஓடும்படி வாட்டமும் வேண்டும். அஸ்திவாரம் ஆழமில்லாமல் இருக்கலாம், ஆகவே அதன் அடிவரை தோண்ட வேண்டாம். மண்ணை இறக்கவே முடியாத பக்கத்தில், சுவரைவிட்டுச் சற்றுத் தள்ளி வாய்க்கால் வெட்டி, துளைக் குழாய் போட்டு ஜல்லி நிரப்பலாம். செலவு குறைவு, பலன் அதிகம் என்றால் இந்த மண் வேலைதான். ஆனால் யாரும் முதலில் இதைச் செய்வதில்லை!

அப்புறம் சுவர். சுண்ணாம்புக் காரையில் கட்டிய சுவராக இருந்தால், மேலே பூசியிருக்கும் சிமென்ட்டைக் கொத்தியெடுத்துவிட்டுச் சுண்ணாம்புக் காரையே பூசுங்கள். ஈரம் அதன் வழியே வெளியேறும். அதற்கு முன் சுவர் காய வேண்டும், 2.5 செ.மீ. கனத்துக்குச் சுமார் ஒரு மாதம் என்பது பொதுவான கணக்கு. 23 செ.மீ. சுவர் என்றால் ஒன்பது மாதம்கூட ஆகலாம். வெளியே பூத்து வரும் உப்பை உலர்ந்த பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள், கழுவ வேண்டாம்.

தரையிலும் ஈரம் தெரிகிறதா? ஒரு பிளாஸ்டிக் தாளை விரித்து, ஓரங்களை டேப்பால் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். தாளின் அடியில் நீர்த்துளிகள் இருந்தால் ஈரம் மண்ணிலிருந்து ஏறுகிறது. மேலே இருந்தால் அது காற்றின் ஈரம். இரண்டாவதற்கு எதிரெதிர்ச் சுவர்களில் காற்றுத் துவாரம் வைத்தாலே பெரும்பாலும் சரியாகும். முதலாவது என்றால் தரையைப் பெயர்த்து, தடித்த பாலித்தீன் விரித்து, மறுபடி தளம் போட வேண்டும். வெளிவேலை முடிந்து ஒரு மழைக்காலம் கடந்தபிறகு அதை முடிவு செய்யுங்கள். பலருக்கு அது தேவைப்படாமலே போய்விடும்.