தானிய ரூம் பூனை குண்டாயிருச்சு, பட்டினி போடலாமா?

கேள்வி: தானிய ரூம்ல எலிக்காக வளர்க்கற ஆண் பூனைங்க, வயசு 5. கருத்தடை பண்ணதுக்கு அப்புறம் ஊதிப்போய் இப்ப 7 கிலோ இருக்கு, எலி குறுக்கால ஓடுனாலும் எந்திரிக்கறதில்ல. ரெண்டு மூணு நாள் தீனி போடாம விட்டா எடையும் குறையும், எலியும் பிடிக்கும்ங்கறாங்க, செய்யலாமா சார்?

பதில்: வேண்டவே வேண்டாம்ங்க. குண்டான பூனை ரெண்டு மூணு நாள் பட்டினி கிடந்தாலே உடம்புக் கொழுப்பு கரைஞ்சு கல்லீரல்ல போய் தேங்கிரும், ஈறு, கண்ணு மஞ்சளாகி உயிருக்கே ஆபத்தாயிரும். கொழுத்த பசு கன்னு போட்டதும் தீனி எடுக்காம கீட்டோசிஸ்ங்கற நோய்ல விழுமே, கிட்டத்தட்ட அதே கதைதான். அதுவும் போக பூனை பசிக்காக மட்டும் வேட்டையாடறதில்ல, வயிறு நிறைஞ்சிருந்தாலும் பிடிக்கும், உங்க பூனைக்கு இப்ப உடம்ப தூக்கிட்டு பாய முடியல அவ்வளவுதான்.

முதல்ல விலாவ தடவிப் பாருங்க, லேசா தொட்டாலே எலும்பு தட்டுப்படணும், அழுத்தி தேட வேண்டியிருந்தா கொழுப்புதான். அடிவயித்துல பின்னங்கால் பக்கம் தொங்கற தோல் பை நல்லா இருக்கற பூனைக்கும் உண்டு, அத வச்சு முடிவு பண்ணாதீங்க. விலா துருத்திட்டு வயிறு மட்டும் உப்பியிருந்தா அது வேற பிரச்சனை, புழுவா இருக்கலாம், நீர் கோர்த்திருக்கலாம், டாக்டர்ட்ட காட்டிருங்க.

கருத்தடைக்கு அப்புறம் பசி கூடும், செலவாகற சக்தி குறையும், நாம போடற அளவு மட்டும் மாறாது, அங்கதான் சிக்கலே. கிண்ணத்துல எந்நேரமும் டிரை ஃபுட் கொட்டி வைக்கறத நிறுத்துங்க. 5 கிலோ டார்கெட்னு வச்சா ஒரு நாளைக்கு சுமார் 190 கலோரில ஆரம்பிக்கலாம், 100 கிராமுக்கு 380 கலோரி உள்ள டிரை ஃபுட்னா வெறும் 50 கிராம் தான் வரும், கையால அள்ளுனா கண்டிப்பா கூடிரும், தராசுல நிறுத்தே போடுங்க. ஒரேடியா குறைக்காம ஒன்னு ரெண்டு வாரத்துல கொஞ்சம் கொஞ்சமா இறக்குங்க. சாதா தீனியவே ரொம்ப குறைச்சா சத்து பத்தாம போகலாம், அதனால எடை குறைக்கறதுக்குன்னே வர்ற புரோட்டீன் கூடுன தீனிய டாக்டர்ட்ட கேட்டு மாத்தறது நல்லது.

பால் கறக்கறப்ப ஊத்தறீங்களா? 100 மில்லி பசும்பால் சுமார் 65 கலோரி, அதாவது அன்னைக்கு கோட்டால மூணுல ஒரு பங்கு அதுலயே போயிருச்சு. தண்ணி மட்டும் தாராளமா வைங்க, குண்டான ஆண் பூனைக்கு மூத்திரம் அடைச்சுக்கற வாய்ப்பு ஜாஸ்தி, முக்கி முக்கி உக்காந்தும் சொட்டு வரலன்னா அன்னைக்கே தூக்கிட்டு ஓடணும்.

தீனிய மூணு நாலு தடவையா பிரிச்சு ரூமுக்குள்ள வேற வேற இடத்துல, முடிஞ்சா கொஞ்சம் உயரத்துலயும் வைங்க, தேடி நடக்கட்டும். கயித்த இழுத்து காட்டி அப்பப்ப அஞ்சு நிமிஷம் விளையாட்டும் காட்டலாம். அங்க எலி மருந்து வச்சிருந்தா எடுத்துருங்க, மருந்து தின்ன எலிய இது தின்னா இதுக்கும் ஏறும்.

வாரத்துக்கு 70 கிராம், அதாவது எடையில 1 சதவீதம் குறைஞ்சா போதும், 2 சதவீதத்த தாண்டவே கூடாது. மூட்டை போடற தராசுல இதெல்லாம் தெரியாது, சின்ன எலக்ட்ரானிக் தராசுல கூடையோட வச்சு ரெண்டு வாரத்துக்கு ஒருக்கா பாத்து எழுதி வைங்க. 5 கிலோவுக்கு வர ஏழெட்டு மாசம் ஆகும், அவசரப்படாதீங்க. புது தீனிய மோந்து பாத்துட்டு ஒரு நாள் முழுக்க சாப்பிடாம போனா பழைய தீனிய கலந்து குடுங்க, அப்பவும் வாய் வைக்கலன்னா காத்திருக்காம டாக்டர்ட்ட போயிருங்க.