பயிற்சிக் குதிரை சொல் கேட்க மாட்டேங்குதா? உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

கீழக்கரை, உச்சிப்புளி, மண்டபம், தொண்டி என்று நம்ம ராமநாதபுரம் கடற்கரை ஓரத்தில் குதிரை ஏறக் கற்றுக்கொள்பவர்கள் அனுப்பிய கேள்விகளை இங்கே எடுத்துக்கொண்டேன். முக்கால்வாசிப் பேருக்கு ஒரே குறை: "மாஸ்டர் ஏறினால் ஓடுது, நான் ஏறினால் நிக்குது." குதிரைக்குத் திமிர் என்று நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். உடம்பில் எங்காவது வலி இருக்கிறதா, நீங்கள் கேட்டது அதற்குப் புரிந்ததா, இந்த இரண்டையும் பார்த்த பிறகுதான் மற்றப் பேச்சு.

உச்சிப்புளி, கல்லூரி மாணவி: பாய், எனக்குக் கொடுக்கிற குதிரை மத்தவங்க ஏறினா ட்ராட் (மெல்லோட்டம்) போகுது. நான் ஏறினா நடக்கவே யோசிக்குது. "உதை, நல்லா உதை"ங்கிறாங்க. உதைச்சு உதைச்சு கால் வலிதான் மிச்சம்.

உதைப்பதை முதலில் நிறுத்தும்மா. பயிற்சிக் குதிரையின் முதுகில் ஒரே நாளில் பல பேர் ஏறி இறங்குகிறார்கள். ஒவ்வொருவரும் அடிக்கு அடி விலாவில் குதிகாலால் தட்டிக்கொண்டே இருந்தால் அந்தத் தட்டலுக்கு அர்த்தமே போய்விடும். ஓர் ஈ உட்கார்ந்தால்கூடத் தோலைச் சிலிர்த்து விரட்டுகிற உயிர் அது. உன் கால் படுவது அதற்கு நன்றாகவே தெரிகிறது. நடந்தாலும் நின்றாலும் தட்டல் ஓயாது என்று பழகிப்போனதால் நிற்கிறது.

நிற்கிற நிலையிலிருந்தே தொடங்கு. நிமிர்ந்து உட்கார். பார்வை குதிரையின் காதுகளுக்கு நடுவே தூரத்தில் இருக்கட்டும். இரண்டு கெண்டைக்காலாலும் மெதுவாக ஓர் அழுத்தம் கொடு. நகரவில்லையா, இன்னும் கொஞ்சம் கூட்டு. அப்போதும் நகரவில்லை என்றால் காலுக்குப் பின்னால் சின்னக் குச்சியால் ஒரே ஒரு தட்டு. அது அடி எடுத்து வைத்த நொடியில் காலும் குச்சியும் சும்மா இருக்க வேண்டும். அழுத்தம் எப்போது விலகுகிறதோ அப்போதுதான் குதிரைக்கு "சரியாகச் செய்தோம்" என்று தெரிகிறது. மறுபடி நிறுத்து, மறுபடி மெல்லிய அழுத்தத்திலிருந்தே கேள். எடுத்த எடுப்பில் பெரிய அழுத்தம் கொடுக்காதே. பொறுமையாகச் செய்தால் நீ காலைச் சேர்க்கும்போதே அதன் காது உன் பக்கம் திரும்பும்.

அடுத்து உன் கையைக் கவனி. விழுந்துவிடுவோமோ என்ற பயத்தில் புதியவர்கள் லகானைப் பிடித்துத் தொங்குவார்கள். கால் "போ" என்கிறது, கை "நில்" என்கிறது. கடிவாள இரும்பு அதன் வாய்க்குள் கிடக்கிறது, அதனால் குதிரை கையின் பேச்சைத்தான் கேட்கும். பிடிமானம் வேண்டுமென்றால் குதிரையின் கழுத்தில் ஒரு வார் கட்டித் தரச் சொல்லி அதைப் பிடித்துக்கொள். நடையில் குதிரையின் தலை முன்னும் பின்னும் போய் வரும். உன் முழங்கை அதோடு நீண்டு மடங்க வேண்டும். ட்ராட்டில் தலை அவ்வளவாக ஆடாது, அங்கே கை ஒரே இடத்தில் நிற்க வேண்டும். நான் பார்த்தவரை பாதிப் பேருக்குக் கையைச் சரிசெய்ததும் குதிரை தானாக நடக்கிறது.

கீழக்கரை, துபாயில் வேலை பார்ப்பவர்: சலாம் காக்கா. லீவில் வந்திருக்கேன். அங்கே வேலியடைத்த மைதானத்தில் நல்லா ஓட்டுவேன். இங்கே திறந்த வெளியில் கேன்டர் (ட்ராட்டைவிட வேகமான ஓட்டம்) எடுத்தால் நிற்கவே மாட்டேங்குது. ரெண்டு கையாலும் இழுத்தும் பலனில்லை.

வ அலைக்கும் ஸலாம் தம்பி. ரெண்டு கையாலும் இழுத்துப் பிடிப்பதுதான் சிக்கலே. தொடர்ந்து இழுத்தால் குதிரை அந்த இழுப்பின் மேல் சாய்ந்துகொண்டு இன்னும் வேகமாகப் போகும். அதன் எடை 350, 400 கிலோ. பலப்பரீட்சையில் நாம் ஜெயிக்கப் போவதில்லை.

கேன்டர் மூன்று தட்டு நடை, ஒரு சுற்றுக்குக் குளம்புச் சத்தம் மூன்று தடவை கேட்கும். அந்தத் தாளத்துக்குள் நின்றுதான் கேட்க வேண்டும். முன்னால் குனிந்திருந்தால் முதலில் நிமிருங்கள். குனிந்த உடம்பைக் குதிரை "இன்னும் வேகம்" என்றே எடுத்துக்கொள்ளும். மூச்சை முழுதாக வெளியே விடுங்கள், இடுப்பைச் சேணத்தில் கனமாக இறக்குங்கள். பிறகு லகானை இறுக்குங்கள், உடனே தளர விடுங்கள், மறுபடி இறுக்குங்கள், தளர விடுங்கள். விடுவது இறுக்குவதைவிட முக்கியம். அதற்கும் கேட்கவில்லை என்றால் வட்டம் போடுங்கள். முதலில் பெரிய வட்டம், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சின்னது. வட்டம் சுருங்கச் சுருங்க வேகம் குறைந்தே ஆகும்.

ஒரு பக்க லகானை மட்டும் இழுத்துக் கழுத்தை மடக்கி நிறுத்தும் முறையை உங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். நடையிலும் மெதுவான ட்ராட்டிலும் அதைப் பழகி வைத்துக்கொள்ளுங்கள். முழு வேகத்தில், அதுவும் புதைமணலில், வெடுக்கென்று மடக்கினால் கால் பின்னிக் குதிரையோடு சாய்வீர்கள். ஓடுகிற குதிரையிலிருந்து குதிக்கவும் வேண்டாம்.

இதெல்லாம் அவசரத்துக்கு. நடையிலிருந்து நிற்பது, ட்ராட்டிலிருந்து நடைக்கு வருவது இரண்டும் விரல் அசைவுக்கே நடக்கிற வரை திறந்த வெளியில் கேன்டர் எடுக்காதீர்கள். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

தொண்டி, பத்து வயதுப் பையனின் அம்மா: அண்ணே, புல்லைக் கண்டா குதிரை தலையைக் குனியுது, பிள்ளை கழுத்து வழியா சறுக்கி வர்றான்.

சின்னப் பிள்ளையின் கைப்பலத்துக்கு அது அடங்காது. கடிவாளத்திலிருந்து சேணத்தின் முன்வளையத்துக்கு ஒரு கயிறு கட்டச் சொல்லுங்கள். தலையை இயல்பாக வைத்துக்கொள்ளும் அளவுக்கு நீளம் இருக்கட்டும், புல்லை எட்டும் அளவுக்கு வேண்டாம். தலை குனிந்த பிறகு மேலே இழுப்பது வீண். கழுத்து இறங்கத் தொடங்கும்போதே இரண்டு காலாலும் முன்னே நடத்தச் சொல்லிப் பழக்குங்கள். ஹெல்மெட் தாடை வாரோடு, குதிகால் வைத்த ஷூ கட்டாயம். பட்டையான ரப்பர் செருப்பு அங்கவடிக்குள் (சேணத்தில் கால் வைக்கிற வளையம்) நுழைந்து மாட்டிக்கொள்ளும்.

கீழக்கரை: வட்டத்தில் சுற்றும்போது வாசல் பக்கம் வந்தாலே இழுத்துக்கொண்டு போகிறது. மற்ற நேரம் தங்கமான குதிரை.

வாசலில்தான் அதற்கு எல்லா நல்லதும் நடக்கிறது. அங்கேதான் இறங்குகிறீர்கள், சேணத்தைத் தளர்த்துகிறீர்கள், தண்ணீர் வருகிறது, மற்றக் குதிரைகளும் அந்தப் பக்கம் நிற்கின்றன. கூட்டமாக வாழும் பிராணி துணையைத் தேடிப் போவது குற்றமில்லை.

ஆகவே கணக்கை மாற்றுங்கள். ஓய்வு முழுவதும் வாசலுக்கு எதிர்க்கோடியில் நடக்கட்டும். நின்று மூச்சு வாங்குவது, லகானைத் தளர்த்திக் கழுத்தைச் சொறிவது, கடைசியில் இறங்குவது எல்லாம் அங்கேதான். வாசல் பக்கம் வந்தால் ட்ராட், சின்ன வட்டம், திருப்பம் என்று வேலை கொடுங்கள். கோபமாக அல்ல, வேலையாக. வாசலைக் கடக்கும்போது அதைப் பார்க்காமல் அடுத்த மூலையைப் பாருங்கள். உங்கள் தலை திரும்பிய பக்கம் இடுப்பும் எடையும் திரும்பும், குதிரை முதுகு அதை உணரும். வாசல் பக்கத்துக் காலையும் லகானையும் சுவர் மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். ஒரே வகுப்பில் மாறாது. உங்களுக்குப் பின்னால் ஏறுபவரும் வாசலில் இறங்கினால் பழைய பழக்கம் திரும்பிவிடும் என்பதால் மாஸ்டரிடமும் பேசிவிடுங்கள்.

ராமநாதபுரம், அரசு ஊழியர்: எனக்கு எடை 82 கிலோ. அதனால்தான் நகரவில்லையோ?

இருக்கலாம். குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் ஏற்றக் கூடாது என்பது பொதுவான அளவு, சேணத்தையும் சேர்த்து. 350 கிலோ குதிரைக்கு 70 கிலோ. வயதான, மெலிந்த குதிரைக்கு அதைவிடக் குறைவு. பெரிய குதிரை இருந்தால் கேளுங்கள். இல்லாவிட்டால் தரையில் நடத்திப் பழகுவது, நீண்ட கயிற்றில் சுற்றவிடுவது எல்லாம் கற்றுக்கொள்ளலாம், அதுவும் குதிரைப் பாடம்தான்.

மண்டபம், இளைஞர்: பாய், கடற்கரைக்குக் கொண்டு போனா அலையைப் பார்த்துப் பின்வாங்குது, நீலத் தார்ப்பாயைப் பார்த்துத் துள்ளுது. எப்படி அடக்குறது?

அடக்க வேண்டாம், பார்க்க விடுங்கள். குதிரைக்குக் கண் தலையின் இரு பக்கமும் இருப்பதால் ஏறக்குறைய சுற்றிலும் தெரியும். ஆனால் நெற்றிக்கு நேர் முன்னாலும் வாலுக்கு நேர் பின்னாலும் தெரியாது. தலையை உயர்த்தியும் தாழ்த்தியும் பார்த்தால்தான் தூரம் பிடிபடும். நீங்கள் லகானை இறுக்கித் தலையைப் பூட்டிவிட்டால் அது பார்க்க முடியாமல் இன்னும் மிரளும். தார்ப்பாய்க்கு நேராக இழுத்துப் போகாமல் தள்ளி, இணையாக நடத்துங்கள். காது தளர்ந்து, எதையோ மெல்லுவதுபோல் வாயை அசைத்தால் அடுத்த தடவை கொஞ்சம் நெருங்கலாம். அலைக்கும் இதே வழி. அனுபவப்பட்ட வயதான குதிரை ஒன்று கடல் பக்கம் நடந்தால் புதியது அதன் தோளோடு ஒட்டி வந்துவிடும்.

உங்கள் ஊருக்கு ஒரு வசதி, இரண்டு கடலும் பக்கத்தில். கச்சான் (தென்மேற்குக் காற்று) பலமாக வீசும் ஆனி, ஆடியில் தென்கடல் (மன்னார் வளைகுடா) கொந்தளிக்கும், வடகடல் (பாக் நீரிணைப் பக்கம்) அடங்கிக் கிடக்கும். வாடைக் காலத்தில் மாறிவிடும். அடங்கிய பக்கம் போங்கள். காற்று பலமாக இருந்தால் குதிரைக்கு மோப்பமும் சத்தமும் குழம்பும், எந்தச் சாதுவும் அன்றைக்கு மிரளத்தான் செய்யும். அலை வந்து போன ஈர மணல் கெட்டியாக இருக்கும், அதில் நடத்துங்கள். மேட்டிலுள்ள உலர்ந்த புதைமணலில் ட்ராட், கேன்டர் எடுத்தால் கால் தசைநாண்கள் வீங்கிவிடும். காரங்காடு பக்கம்போல் அலையாத்தியும் சேறும் உள்ள கரைக்குக் குதிரையைக் கொண்டே போகாதீர்கள். கரைவலை இழுக்கிற நேரத்தில் கயிறு மணலோடு மணலாகக் கிடக்கும், குதிரைக் காலில் சுற்றினால் குதிரைக்கும் ஆபத்து, இழுக்கிறவர்களுக்கும் ஆபத்து. வலை கட்டுகிற இடம், கருவாடு காய்கிற இடம் எல்லாம் அவர்களுடைய பிழைப்பு. இறங்கி, கேட்டு, சுற்றிப் போங்கள்.

சாயல்குடி: வயிற்றுவாரை இறுக்கும்போது கடிக்க வருகிறது. ஏறினால் முதுகை வளைத்துத் துள்ளுகிறது. சாட்டை எடுக்கலாமா?

வேண்டவே வேண்டாம். காதைப் பின்னால் மடித்து, திரும்பிக் கடிக்க வந்தால் அது வலி என்று சொல்கிறது. அதற்குச் சொல்ல வேறு வழி கிடையாது.

சேணத்தை எடுத்துவிட்டு முதுகெலும்பின் இரண்டு பக்கமும் விரல் நுனியால் ஓரளவு அழுத்திக்கொண்டே போங்கள். எங்கே முதுகு அமுங்கி விலகுகிறதோ அங்கே புண்ணோ வீக்கமோ இருக்கும். நம்ம வெயிலில் வியர்வை உப்பு சேணத் துணியில் காய்ந்து அட்டைபோல விறைத்துவிடும், அது உராய்ந்தே தோல் பிய்ந்துவிடும். துணியைத் துவைத்து, குதிரையின் முதுகையும் கழுவிக் காயவிடுங்கள். வாரை ஒரே இழுப்பில் இறுக்காமல் ஓர் ஓட்டை, கொஞ்சம் நடத்தி இன்னோர் ஓட்டை என்று இறுக்குங்கள். ஏறுவதற்கு முன் மறுபடி பாருங்கள். நாலு குளம்பையும் தூக்கிப் பாருங்கள், இந்தப் பக்கம் சீமைக் கருவேல முள் இல்லாத இடமில்லை. அதன் நெற்றையும் அளவுக்கு மீறித் தின்றால் குடலில் அடைத்துக்கொள்ளும்.

மணலையும் சந்தேகப்படுங்கள். தரையில் தீனி போட்டால் தீனியோடு மணலும் உள்ளே போய்க் குடலின் அடியில் படியும், அதனால் வயிற்றுவலி வரும். ஒரு வாளித் தண்ணீரில் கொஞ்சம் சாணத்தைக் கரைத்துத் தெளியவிட்டால் அடியில் மணல் தங்குவது தெரியும். தொட்டியில் தீனி வைக்கச் சொல்லுங்கள். குதிரை வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்த்தால், கீழே படுத்துப் புரண்டால், சாணம் போடாமல் இருந்தால் கால்நடை மருத்துவரை உடனே கூப்பிடுங்கள். விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். வாயில் மட்டும் தொந்தரவு, கடிவாளம் போட்டாலே தலையை உதறுகிறது என்றால் பல்லைப் பார்க்கச் சொல்லுங்கள்.

பெரியபட்டினம், பள்ளி ஆசிரியர்: நம்ம ஊர் வெயில் குதிரைக்கு ஆகாது என்கிறார்களே?

பழைய பேச்சு சார் இது. 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டிய நாட்டைப் பற்றி எழுதிய மார்க்கோ போலோ, அரபிக் கரையிலிருந்து ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் குதிரைகள் வாங்கப்படுகின்றன, ஆண்டு முடிவில் நூறுகூட மிஞ்சுவதில்லை என்றார். பராமரிக்கத் தெரிந்த ஆள் இல்லை என்பதைத்தான் அவர் காரணமாகச் சொன்னார். எனக்கும் அதுதான் சரியாகப் படுகிறது. விடிகாலையில் ஏறி, வெயில் ஏறுமுன் லாயத்துக்குத் திருப்பிவிட்டால், நாளுக்கு 30, 40 லிட்டர் நல்ல தண்ணீரும் நக்குவதற்கு உப்பும் நிழலும் இருந்தால் குதிரை இங்கே நன்றாகவே வாழும். பத்து மணி வெயிலில் நடக்க மறுக்கிற குதிரை அடம்பிடிக்கவில்லை. மூக்குத்துளை விரிந்து, விலா வேகமாக ஏறி இறங்கினால் இறங்கிவிடுங்கள், நிழலில் தண்ணீர் ஊற்றிக் குளிரவையுங்கள்.

ஏர்வாடி: கருப்பட்டி கொடுத்தால் சொல் கேட்குமா?

கையைக் கடிக்கத்தான் கற்றுக்கொள்ளும். பிடரி முடிந்து முதுகு தொடங்கும் மேட்டில் விரலால் நன்றாகச் சொறிந்து கொடுங்கள். குதிரைகள் ஒன்றையொன்று அங்கேதான் சொறிந்துகொள்ளும், அங்கே சொறிந்தால் இதயத்துடிப்பே குறைகிறது.

பாம்பன், இல்லத்தரசி: அண்ணே, ஒரு தடவை விழுந்தேன். அதிலிருந்து ஏறினாலே கை விறைக்குது. குதிரைக்கும் அது தெரிஞ்சு வேகமா நடக்குது. விட்டுடலாமான்னு இருக்கு.

விட வேண்டாம் தங்கச்சி, ஆனால் பழைய இடத்திலிருந்து தொடரவும் வேண்டாம். பயந்தால் முழங்கால் சேணத்தைக் கவ்வும், மூச்சு அடைபடும், குதிரை அந்த இறுக்கத்தைத் தன் முதுகில் உணர்ந்து ஏதோ ஆபத்து என்று நடையைக் கூட்டும். அது உங்கள் மேல் உள்ள விரோதம் இல்லை.

அடுத்த வகுப்புக்குப் போனதும், ஏறுவதற்கு முன்பே மாஸ்டரிடம் சொல்லுங்கள்: "இன்னைக்கு நீளக் கயிற்றில் நீங்க சுத்துங்க, லகான் எனக்கு வேண்டாம், நடை மட்டும்." ஒரு கை கழுத்து வாரில், ஒரு கை தொடையில். நாலு அடிக்கு மூச்சை இழுத்து நாலு அடிக்கு விடுங்கள். சத்தமாக எண்ணினால் மூச்சு தானாக வரும். கை தளர்ந்தது என்று உங்களுக்கே தெரிந்த பிறகு ட்ராட் கேளுங்கள், அது அன்றைக்கு இல்லாவிட்டால் அடுத்த வாரம். சிரித்து அவசரப்படுத்துகிற மாஸ்டராக இருந்தால் வேறு மாஸ்டரைப் பாருங்கள்.