போர்வெல் குழியில் வந்த மஞ்சள் மினுமினுப்பு தங்கமா?

பேரணாம்பட்டுப் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "நிலத்தில் போர் போட்டோம். 400 அடியை நெருங்கும்போது வந்த கல்தூளில் மஞ்சளாக மின்னுகிறது. தாத்தா கோலார் தங்கவயலில் வேலை பார்த்தவர் என்பதால் வீட்டில் எல்லோருக்கும் ஆசை வந்துவிட்டது. பாதரசம் போட்டுத் தங்கத்தைப் பிரித்துத் தருவதாக ஒருவர் 30,000 ரூபாய் கேட்கிறார். கொடுக்கலாமா? இதை எங்கே சோதிப்பது?"

கொடுக்காதீர்கள். பாதரசத்தில் தங்கம் கரையும் என்பது உண்மைதான். தங்கவயலிலும் அந்த முறை இருந்தது. ஆனால் வீட்டு முற்றத்தில் அதைக் காய்ச்சினால் எழும் ஆவிக்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. மூளையையும் சிறுநீரகத்தையும் அது கெடுக்கும். குழந்தைகளும் கர்ப்பிணிகளும் இருக்கும் வீடு என்றால் நினைத்தும் பார்க்கக் கூடாது. இன்னொன்று, கொண்டுவரும் பாதரசத்திலேயே கொஞ்சம் தங்கத்தை முன்கூட்டிக் கரைத்து வைத்திருந்தால், எந்தக் கல்தூளைப் போட்டாலும் கடைசியில் ஒரு குண்டுமணி மிஞ்சும். பழைய ஏமாற்று வேலை அது.

உங்கள் வீட்டாரின் ஆசையைத் தவறென்று சொல்ல மாட்டேன். வடாற்காட்டிலிருந்து குடும்பம் குடும்பமாகத் தங்கவயலுக்குப் போனார்கள். அங்கிருந்து உங்கள் ஊர் நேர்கோட்டில் ஏறக்குறைய 50 கிலோமீட்டர்தான். ஆனால் பாறை வேறு. தங்கம் இருப்பது கோலார் பச்சைக்கல் பட்டை என்கிற, சுமார் 270 கோடி ஆண்டு பழைய எரிமலைப் பாறைத் தொடரில். அந்தப் பாறை விரிசல்களில் ஆழத்திலிருந்து ஏறிய சுடுநீர், வெள்ளைக்கல்லையும் தங்கத்தையும் படியவைத்தது. பட்டை ஓடுவது வடக்கு தெற்காக. நீளம் சுமார் 80 கிலோமீட்டர், அகலம் சில கிலோமீட்டர்தான். தெற்கே குப்பம் பக்கம் வந்து கிருஷ்ணகிரி எல்லையைத் தொடுகிறது. கிழக்கே இருக்கும் உங்கள் பக்கம் பெரும்பாலும் கிரானைட்டும் வரிப்பாறையும்தான்.

சரி, கோலார் கல்லே உங்கள் நிலத்தில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். 2001இல் மூடும் காலத்தில் அங்கே ஒரு டன் கல்லுக்குக் கிடைத்தது 3, 4 கிராம்தான். ஆறரை அங்குலக் குழியில் 400 அடிக்கு வெளியே வரும் தூள் சுமார் 7 டன். அத்தனையும் தங்கக்கல் என்றாலும், டன்னுக்கு 3 கிராம் கணக்கில் 21 கிராம், மூன்று பவுன்கூடத் தேறாது. ஒரு கிலோ தூளில் 3 மில்லிகிராம்! அதைக் கண்ணால் பார்ப்பதே கஷ்டம். கைப்பிடித் தூள் முழுக்க மின்னுகிறது என்றால், அதுவே தங்கம் இல்லை என்பதற்கு முதல் அடையாளம்.

அப்படியானால் மின்னுவது எது? பெரும்பாலும் இரண்டில் ஒன்றாக இருக்கும். முதலாவது காக்காப்பொன், அதாவது மைக்கா. கறுப்பு மைக்கா நீர் பட்டுச் சிதைந்தால் பொன்னிறமாகிவிடும். வெயிலில் திருப்பும்போது பளிச்சிட்டு மறையும், ஊசியால் குத்தினால் செதில் செதிலாகப் பிரியும், தண்ணீரில் அலசினால் முதலில் அடித்துக்கொண்டு போவதும் அதுதான். பாலாற்று மணலில் மின்னுவதைப் பார்த்துத் தங்கம் என்று பேசுகிறார்களே, அதுவும் பெரும்பாலும் இந்த மைக்காதான். இரண்டாவது பைரைட், இரும்பும் கந்தகமும் சேர்ந்த கனிமம். இது கனமாக இருக்கும், நிழலிலும் மஞ்சளாகத் தெரியும், அதனால்தான் ஏமாந்துபோகிறோம். ஒரு துணுக்கை இரும்பின் மேல் வைத்துச் சுத்தியால் மெதுவாகத் தட்டுங்கள். பைரைட் நொறுங்கிக் கறுப்புத் தூளாகும். தங்கம் தட்டையாகுமே தவிர உடையாது. தரை ஓட்டின் பளபளப்பில்லாத பின்பக்கத்தில் தேய்த்தாலும் தெரிந்துவிடும்: பைரைட் கரும்பச்சையாகக் கோடு போடும், தங்கம் மஞ்சளாகவே போடும். (போர் வண்டிக்காரர்கள் ராடு மரைக்குப் பூசும் கிரீஸில் செம்புத்தூள் கலந்த வகையும் உண்டு. அதையும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.) தட்டும்போது மூக்கையும் வாயையும் நன்றாக மூடிக்கொள்ளுங்கள், கல்தூசி தங்கவயலில் எத்தனையோ பேரின் நுரையீரலைத் தின்றிருக்கிறது. வாசனை பார்க்கிறேன் என்று அடுப்பில் மட்டும் போடாதீர்கள். பைரைட்டோடு ஆர்சனிக் கலந்திருந்தால் புகை விஷம்.

நகைக்கடையில் இருக்கும் காரட் மீட்டரை நம்பிப் போகவேண்டாம். அது நகையின் மேற்பரப்பை அளக்கச் செய்தது, கல்தூளுக்குத் தப்பான எண் காட்டலாம். உரைகல்லும் உலோகத்துக்குத்தான். கல்லில் எவ்வளவு தங்கம் என்று அறிய, அரைத்த மாதிரியை ஈயத்தோடு உருக்கிப் பிரிக்கும் சோதனைதான் சரியானது. ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள புவியியல் மற்றும் சுரங்கத் துறையில் கேட்டால் மாதிரியை எங்கே கொடுப்பது என்று வழிகாட்டுவார்கள். ஒருவேளை தங்கமே இருந்தாலும், சொந்த நிலம் என்பதற்காக உரிமம் இல்லாமல் தோண்டி எடுக்க முடியாது. 1957ஆம் ஆண்டு கனிமச் சட்டம் அப்படி.

எனக்கு இதைவிடக் கவலை உங்கள் தண்ணீரைப் பற்றித்தான். மின்னுவது பைரைட் என்று தெரிந்தால், காற்றும் நீரும் பட்டு அது கரையத் தொடங்கும்; தண்ணீரில் இரும்பும் சல்பேட்டும் ஏறும், சில இடங்களில் ஆர்சனிக்கும். குடிநீரில் ஆர்சனிக் லிட்டருக்கு 0.01 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. மோட்டார் இறக்கியதும் தண்ணீரைச் சில மணி நேரம் ஓடவிட்டு, சுத்தமான புது பாட்டிலில் பிடித்து, குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் கொடுங்கள். இரும்பு, சல்பேட், ஆர்சனிக், அமிலத்தன்மை நான்கையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். முடிவு வரும்வரை அந்தத் தண்ணீரைக் குடிக்கவோ சமைக்கவோ எடுக்காதீர்கள்.