கவுன்டி நீதிமன்றக் கட்டுகள்: எந்த ஜன்னலில் கேட்பது?

வழக்கறிஞர் அலுவலகங்களுக்காக அமெரிக்க நீதிமன்றங்களில் ஆவணம் தேடி எடுத்துத் தருவது என் தொழில். இம்முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை கவுன்டி (நம் மாவட்டம் போன்ற பிரிவு) நீதிமன்றங்களைப் பற்றியவை என்பதால் அவற்றை ஒன்றாகத் தொகுத்திருக்கிறேன். நான் வழக்கறிஞன் அல்லன். காகிதம் எங்கே இருக்கிறது, அதை எப்படிப் பெறுவது என்று சொல்ல முடியும். உங்கள் வழக்கில் என்ன செய்யலாம் என்பதை வழக்கறிஞர்தான் சொல்ல வேண்டும்.

குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஒருவரை வேலைக்கு வைக்க எண்ணியிருக்கிறோம். எங்கள் கவுன்டி நீதிமன்றத்தின் இணையதளத்தில் அவர் பெயரில் ஒரு குற்ற வழக்கு எண் காட்டுகிறது. ஆனால் ஆவணம் எதுவும் திறக்கவில்லை. அது இரகசிய வழக்கா?
– வாசகி, ஃப்ரீமான்ட், கலிபோர்னியா

அப்படி முடிவுகட்ட வேண்டாம். கலிபோர்னிய நீதிமன்ற விதி 2.503, குற்ற வழக்கு, குடும்ப வழக்கு, சிறார் வழக்கு, காப்பாளர் நியமனம், தொல்லை தடுப்பு ஆணை போன்றவற்றின் ஆவணங்களைப் பொதுமக்கள் வீட்டிலிருந்தபடி பார்க்க இடம் தருவதில்லை. வழக்கு எண்ணும் வாய்தா விவரமும் இணையத்தில் இருக்கும். வழக்கின் ஆவணங்கள் அடங்கிய கட்டு நீதிமன்றத்தில் இருக்கும். சிறார் வழக்குகள் நேரில் போனாலும் கிடைக்காது. ஆனால் சாதாரணக் குற்ற வழக்கின் கட்டை யார் வேண்டுமானாலும் நேரில் போய்ப் பார்க்கலாம்.

வழக்கு எண்ணை ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு, வார நாளில் காலையிலேயே போய்விடுங்கள். வாசல் சோதனை முடிந்ததும் நீதிமன்ற ஆவணங்களை வைத்திருக்கும் கிளார்க் அலுவலகத்தில் ஆவணப் பிரிவு ஜன்னல் எது என்று கேளுங்கள். புதிய வழக்கென்றால் பொதுமக்களுக்கென வைத்திருக்கும் கணினியில் பார்க்கச் சொல்வார்கள். பழைய வழக்கென்றால், மேல்விளிம்பில் இரண்டு துளையிட்டு உலோகப் பட்டையில் கோத்த காகிதக் கட்டு வரும். அதில் கடைசியாக வந்த தாள் மேலே இருக்கும், முதல் தாள் அடியில் கிடக்கும். புத்தகத்தைப் போல மேலிருந்து படிக்கத் தொடங்கினால் கதை தலைகீழாகப் போகும் என்பதால் நான் எப்போதும் அடியிலிருந்துதான் தொடங்குவேன். சாதாரண நகலுக்குப் பக்கத்துக்கு 50 சென்ட். நகலுக்கு நீதிமன்ற முத்திரையிட்டுச் சான்றளிக்கத் தனியாக 40 டாலர். வழக்கு எண் இல்லாமல் போய், தேடுவதற்கு 10 நிமிடத்துக்கு மேல் ஆனால் அதற்கு 15 டாலர். எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு போகச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

கட்டில் முதலில் பார்க்க வேண்டியது வழக்கு எப்படி முடிந்தது என்பதை. பட்டியலில் ஒருவர் பெயர் இருப்பதற்கு அவர்மீது ஒரு வழக்கு தாக்கலானது என்பதற்கு மேல் பொருள் கிடையாது. தள்ளுபடியான வழக்கும் அதே பட்டியலில்தான் நிற்கும். தண்டனையில் முடியாத கைதை வைத்து வேலைக்கு எடுப்பதா வேண்டாமா என்று முடிவெடுப்பதைக் கலிபோர்னியத் தொழிலாளர் சட்டத்தின் பிரிவு 432.7 தடுக்கிறது. தனிநபர் முதலாளிக்கும் அது பொருந்தும்.

தகவல் சுதந்திரச் சட்டத்தின்கீழ் கடிதம் எழுதினால் கவுன்டி நீதிமன்றம் ஆவணங்களைத் தர வேண்டுமல்லவா?
– வாசகர், சிகாகோ

1966-ஆம் ஆண்டின் அந்தச் சட்டம் மத்திய அரசின் நிர்வாகத் துறைகளுக்கானது. நீதிமன்றங்களை, அதுவும் கவுன்டி நீதிமன்றங்களை, அது தொடுவதே இல்லை. நீதிமன்றக் கட்டைப் பார்க்கும் உரிமை, தீர்ப்புகளின் வழியே வளர்ந்த பொதுச்சட்ட மரபிலிருந்து வருவது. 1978-இல் நிக்சன் எதிர் வார்னர் கம்யூனிகேஷன்ஸ் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதை ஒப்புக்கொண்டு, அது எல்லையற்ற உரிமை அல்ல என்றும் சொன்னது. நடைமுறையில் உங்களுக்குக் கடிதம் தேவையில்லை. வழக்கு எண்ணைச் சொல்லிக் கேட்டாலே போதும். எதற்காகக் கேட்கிறீர்கள் என்று பொதுவாக விளக்கவும் வேண்டியதில்லை.

பிளேனோவில் ஒரு வீடு வாங்கப் பேசிக்கொண்டிருக்கிறோம். விற்பவர்மீது ஏதோ வழக்கு இருப்பதாகக் காதில் விழுந்தது. ஊரில் வில்லங்கச் சான்றிதழ் போடுவதுபோல் இங்கே எங்கே பார்ப்பது?
– வாசகர், பிளேனோ, டெக்சஸ்

வில்லங்கச் சான்றிதழ் போல அரசு ஒரே தாளில் தருவது இங்கே கிடையாது. வில்லங்கம் பார்க்கும் வேலையை டைட்டில் கம்பெனி செய்து, அதற்குக் காப்பீடும் தருகிறது. நீங்களே பார்ப்பதில் தவறில்லை. ஆனால் டெக்சசில் கவுன்டிக்கு இரண்டு கிளார்க்குகள் என்பதை முதலில் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கவுன்டி கிளார்க்கிடம் கிரயப் பத்திரங்கள், அடமானங்கள், உயில் வழக்குகள், சிறு குற்ற வழக்குகள் ஆகியவை இருக்கும். டிஸ்ட்ரிக்ட் கிளார்க்கிடம் பெரிய உரிமையியல் வழக்குகள், விவாகரத்து, கடுங்குற்ற வழக்குகள் இருக்கும். பிளேனோவின் பெரும்பகுதி காலின் கவுன்டியைச் சேர்ந்தது. அதன் இரு அலுவலகங்களும் மெக்கின்னியில்தான் உள்ளன. என்றாலும் ஒன்றில் கேட்டதற்கு மற்றது பதில் சொல்லாது. ஓர் அலுவலகத்தில் 'அப்படி எதுவும் இல்லை' என்று சொன்னதைக் கேட்டு நிம்மதியாக வீடு திரும்பியவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த 'இல்லை'க்கு 'எங்களிடம் இல்லை' என்பது மட்டுமே பொருள்.

ஆகவே விற்பவரின் பெயரைக் கவுன்டி கிளார்க்கின் நில ஆவணப் பட்டியலில் தேடுங்கள். அந்த வீட்டின் உரிமையைப் பற்றியே வழக்கு நடந்தால் 'லிஸ் பெண்டன்ஸ்' என்ற அறிவிப்பு அங்கே பதிவாகியிருக்கக்கூடும். கடன் தீர்ப்பு ஏதேனும் இருந்தால், தீர்ப்பின் சுருக்கத்தை எந்தக் கவுன்டியில் பதிவு செய்கிறார்களோ அந்தக் கவுன்டியில் உள்ள நிலத்தின்மீதுதான் அது கடனுக்கான பிடிப்பாக விழும். பிறகு டிஸ்ட்ரிக்ட் கிளார்க்கிடம் வழக்குகளைத் தேடுங்கள். டெக்சசில் மொத்தம் 254 கவுன்டிகள். பக்கத்துக் கவுன்டியில் நடக்கும் வழக்கு இந்த இரண்டு இடத்திலும் தெரியாமல் போகலாம். மாநிலம் முழுவதற்குமான ரீசர்ச் டிஎக்ஸ் என்ற தளத்தில் கணக்குத் தொடங்கித் தேடுவது அதற்கு ஓரளவு உதவும்.

மற்ற மாநிலங்களில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பென்சில்வேனியாவில் உரிமையியல் வழக்குக் கட்டை வைத்திருப்பவருக்குப் 'புரோத்தானட்டரி' என்று பெயர். குற்ற வழக்குகளுக்கு வேறு அலுவலகம். நியூயார்க்கில் 'சுப்ரீம் கோர்ட்' என்பது உச்ச நீதிமன்றம் அன்று, முதல்நிலை விசாரணை நீதிமன்றம். அதன் கட்டுகள் கவுன்டி கிளார்க்கிடம் இருக்கும், உயில் மட்டும் சரொகேட் நீதிமன்றத்தில். கனெக்டிகட்டில் கவுன்டி அரசாங்கமே 1960-இல் கலைக்கப்பட்டுவிட்டதால், அங்கே நில ஆவணத்தை ஊர் கிளார்க்கிடம் கேட்க வேண்டும்.

புதிய வேலைக்கான பின்னணிச் சோதனையில், நான் கேள்விப்பட்டே இராத ஒரு குற்ற வழக்கு என் பெயரில் வந்திருக்கிறது. அந்தக் கவுன்டியில் நான் வசித்ததே இல்லை. என்ன செய்வது?
– வாசகர், இர்வைன், கலிபோர்னியா

நம்மவர்களுக்கு இது வழக்கமாக வரும் தொல்லை என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். நீதிமன்றப் பட்டியல் குடும்பப் பெயர், முதற்பெயர் என்ற இரண்டு கட்டங்களை நம்பி இயங்குவது. நமக்கோ அப்பா பெயர் உண்டு, முதலெழுத்து உண்டு, குடும்பப் பெயர் இல்லை. செந்தில்குமார் என்ற ஒருவர், தந்தை பெயர் ராமசாமி என்றால், ஒரு வழக்கில் 'ராமசாமி, செந்தில்குமார்' என்றும், இன்னொன்றில் 'செந்தில்குமார், ராமசாமி' என்றும், வேறொன்றில் 'குமார், செந்தில்' என்றும் ஏறியிருப்பார். கடவுச்சீட்டில் ஒற்றைப் பெயர் மட்டுமே உள்ளவருக்கு விசாவில் முதற்பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'எஃப்என்யு' என்று போடுகிறார்கள். 'முதற்பெயர் தெரியவில்லை' என்பதன் சுருக்கமான அதையே ஒருவரின் பெயராக எண்ணித் தட்டச்சு செய்த வழக்கும் உண்டு. இதோடு ஆங்கில எழுத்துக்கூட்டலில் ஹெச் சேர்ப்பதும் விடுவதும் வேறு. ஒருமுறை ஒரு கட்சிக்காரரின் பழைய வழக்கை அரைநாள் தேடிக் களைத்துப்போனேன். கடைசியில் அது அவருடைய முதலெழுத்தைக் குடும்பப் பெயராகக் கொண்டு 'ஆர்' என்ற எழுத்தின்கீழ் தனியாகக் கிடந்தது.

உங்கள் சிக்கல் இதன் மறுபக்கம்: வேறொருவரின் வழக்கு உங்கள்மீது ஒட்டிக்கொண்டது. பிறந்த தேதியை வைத்துப் பிரித்திருக்க வேண்டாமா என்று கேட்பீர்கள். கலிபோர்னியாவில் நீதிமன்றத்தின் மின்பட்டியலில் பிறந்த தேதி இடம்பெறக் கூடாது. ரிவர்சைடு கவுன்டி நீதிமன்றத்தின் தளத்தில் பிறந்த தேதியும் ஓட்டுநர் உரிம எண்ணும் கொடுத்துத் தேட முடிந்ததை எதிர்த்து நடந்த வழக்கில், அப்படித் தேடவும் இடம் தரக் கூடாது என்று 2021-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பழைய வழக்கு உள்ளவர்களை அது காப்பாற்றுகிறது. ஆனால் பெயரை மட்டும் பார்த்து, கட்டைத் திறந்து பார்க்கச் சோம்பும் நிறுவனத்தின் கையில் உங்களைப் போன்றவர் மாட்டிக்கொள்கிறார்.

முதலில், நிறுவனம் தந்த அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்குங்கள். அறிக்கையை வைத்து வேலையை மறுப்பதாக இருந்தால், மறுப்பதற்கு முன்பே அதன் நகலை உங்களுக்குத் தர வேண்டும் என்பது 1970-ஆம் ஆண்டு முதல் இருந்துவரும் நியாயக் கடன் அறிக்கைச் சட்டத்தின் விதி. அதில் உள்ள வழக்கு எண்ணைக் கொண்டு கவுன்டி நீதிமன்றத்திலிருந்து குற்றப் பத்திரிகையின் சான்றளித்த நகலை வாங்குங்கள். அதில் பிரதிவாதியின் முகவரியோ, வயதோ, நடுப்பெயரோ ஏதாவது ஒன்று உங்களுடையதோடு முரண்படக்கூடும். அதை இணைத்து அறிக்கை தந்த நிறுவனத்துக்கு எழுத்தில் மறுப்பு அனுப்புங்கள். பொதுவாக 30 நாளுக்குள் அவர்கள் மறுபடி விசாரித்துச் சொல்ல வேண்டும். கூடவே, லைவ் ஸ்கேன் நிலையத்தில் விரல்ரேகை தந்து, மாநில நீதித் துறையிடமிருந்து உங்கள் சொந்தப் பதிவைக் கேட்டுப் பெறலாம். பெயர் பொருந்தலாம், ரேகை பொருந்தாது. வேலை தருபவரிடம் இது நடந்துகொண்டிருக்கிறது என்று அன்றைக்கே மின்னஞ்சலில் சொல்லிவிடுங்கள்.

சான்டா கிளாரா கவுன்டியில் விவாகரத்து முடிந்துவிட்டது. சென்னையில் மறுமணப் பதிவுக்கு ஆவணம் கேட்கிறார்கள். எதை, எங்கே வாங்குவது?
– வாசகி, சன்னிவேல், கலிபோர்னியா

உங்களுக்குத் தேவை நீதிமன்றத் தீர்ப்பின் சான்றளித்த நகல். மாநிலப் பொதுச் சுகாதாரத் துறை விவாகரத்துக்குச் சான்று தரும் என்று பலர் அங்கே எழுதிக் காத்திருக்கிறார்கள்; அந்தத் துறையிடம் உள்ள பதிவு 1962 முதல் 1984 ஜூன் வரையிலானது மட்டுமே. வழக்கு முடிந்த சுப்பீரியர் நீதிமன்றத்தின் கிளார்க்கிடம் நகல் வாங்கி, அதை மாநிலச் செயலர் அலுவலகத்தில் கொடுத்து, அபோஸ்டில் என்ற, வெளிநாட்டில் ஏற்கப்படுவதற்கான சான்றைப் பெறுங்கள். ஆவணத்துக்கு 20 டாலர். இந்தியாவில் அபோஸ்டில் உடன்படிக்கை 2005 ஜூலை 14 முதல் நடைமுறையில் இருப்பதால் அதன்பின் தூதரகச் சான்று தேவைப்படுவதில்லை. அபோஸ்டில் தாளை நகலோடு சேர்த்துப் பிணைத்திருப்பார்கள். ஸ்கேன் செய்வதற்காகக்கூட அந்தப் பின்னைக் கழற்றாதீர்கள். கழற்றிய தடம் தெரிந்தால் ஆவணத்தை ஏற்காமல் திருப்பிவிடுவார்கள்.

ஆவணம் சரியாக இருப்பதும், அந்தத் தீர்ப்பு இந்தியாவில் செல்லுபடியாவதும் வேறு வேறு. அயல்நாட்டு விவாகரத்தை எப்போது ஏற்பது என்பது பற்றி 1991-இல் இந்திய உச்ச நீதிமன்றம் நிபந்தனைகள் விதித்திருக்கிறது. மறுதரப்பு மனமுவந்து வழக்கில் கலந்துகொண்டதா என்பது அதில் முக்கியமானது. எதிர்த்தரப்பு வராமலே தீர்ப்பாகியிருந்தால், நகல் வாங்கும் முன் சென்னையில் ஒரு வழக்கறிஞரைக் கேட்டுவிடுங்கள்.

எங்கள் விவாகரத்துக் கட்டை உறவினர்கள் எடுத்துப் படிக்க முடியுமா?
– பெயர் வேண்டாம் என்ற வாசகர், குயின்ஸ், நியூயார்க்

நியூயார்க்கில் முடியாது. குடும்ப உறவுச் சட்டத்தின் பிரிவு 235, கட்சிக்காரர்களையும் அவர்களின் வழக்கறிஞர்களையும் தவிர மற்றவர்களுக்கு நீதிமன்ற உத்தரவில்லாமல் கட்டைக் காட்டக் கூடாது என்கிறது. அந்தத் தடை 100 ஆண்டுகளுக்கு. கலிபோர்னியாவில் நிலைமை நேர்மாறு: பெரும்பாலான விவாகரத்துக் கட்டுகளை நேரில் வரும் எவரும் பார்க்கலாம். அதனால் அங்குள்ளவர்கள் தாக்கல் செய்யும் முன்பே, வங்கிக் கணக்கு எண்ணிலும் சமூகப் பாதுகாப்பு எண்ணிலும் கடைசி நான்கு இலக்கங்கள் தவிர மற்றவற்றை மறைத்துவிட வேண்டும். அதைச் செய்யும் பொறுப்பு தாக்கல் செய்பவருடையது. கிளார்க் சரிபார்க்க மாட்டார்.

வாடகை தாமதமானதால் வீட்டு உரிமையாளர் காலி செய்யச் சொல்லி வழக்குப் போட்டார். மூன்று வாரத்தில் சமாதானமாகி அவரே வழக்கைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். அடுத்த வீட்டுக்காரருக்கு இது தெரியுமா?
– வாசகர், மில்பிடாஸ், கலிபோர்னியா

நீதிமன்றத்தின் வழியாகத் தெரிய வாய்ப்புக் குறைவு. கலிபோர்னியாவில் இத்தகைய வழக்கின் கட்டு, தாக்கலான 60 நாளுக்குள் உரிமையாளர் வென்றால்தான் பொதுவில் திறக்கும். அதுவரை கட்சிக்காரர்கள், அங்கே குடியிருப்பவர், வாதி பிரதிவாதி பெயர்களோடு வீட்டு முகவரியையும் சொல்லத் தெரிந்தவர் போன்ற சிலருக்கே கிளார்க் காட்டுவார். திரும்பப் பெற்றதற்கான தாளின் நகல் ஒன்றை மட்டும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

என் வணிகக் கூட்டாளி திவால் மனு போட்டதாகச் சொல்கிறார்கள். கவுன்டி நீதிமன்றத்தில் எதுவும் இல்லை.
– வாசகர், எடிசன், நியூ ஜெர்சி

இருக்காது. திவால் வழக்கு எப்போதும் மத்திய நீதிமன்றத்துக்கு உரியது. பேசர் என்ற இணையச் சேவையில் கணக்குத் தொடங்கி, நாடு முழுவதற்குமான தேடலில் அவர் பெயரைப் போடுங்கள். பக்கத்துக்கு 10 சென்ட், ஓர் ஆவணத்துக்கு அதிகபட்சம் 3 டாலர். காலாண்டில் மொத்தம் 30 டாலருக்கு மேல் போகாவிட்டால் கட்டணமே வாங்குவதில்லை. தேடல் முடிவுகளும் பக்கக் கணக்கில் சேரும் என்பதால் பெயரை முழுமையாகக் கொடுங்கள். வழக்கு கிடைத்ததும் முதலில் அவருக்குக் கடன் கொடுத்தவர்களின் பட்டியலைத் திறந்து, அதில் உங்கள் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், கடன் கோரிக்கை தாக்கல் செய்யக் கடைசி நாள் எது என்று அன்றே குறித்துக்கொள்ளுங்கள்.